வெள்விழி சொல்வதும் சொல்லாததும்

மஞ்சட்காமாலை எனப்படும் நோயை யாழ்ப்பாணத்தார் செங்கண்மாரி என்று வழங்குவர். மஞ்சள் நிறம் காட்டும் நோய்க்குச் செம்மை எவ்வாறு பெயராயிற்று என்று கேட்போர் உண்டு. பொன்னைச் செம்பொன் என்பதும் தமிழ் வழக்குத்தானே என்று அவர்களுக்கு விடை கூறலாம். சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும், நோயின் பெயரிலேயே கண் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. நோய் இருப்பது ஈரலில். அது வெளிப்படுவது கண்ணில். இந்தத் தொடர்பை நம் முன்னோர் கண்டறிந்து பெயரிலேயே பொறித்து வைத்தனர்.

கண்ணின் வெண்பகுதியை, அதாவது வெள்விழியை, நோக்கி உடலின் நலந்தீங்கை அறியும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். இம்முறை இரண்டு வகையாக நம்மிடையே வழங்குகின்றது. ஒன்று, நம் பரியாரிமார் வழிவழியாகக் கைக்கொண்டது. மற்றையது, மேனாட்டில் தோன்றிப் படங்களோடும் வட்டங்களோடும் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் பலர். அம்மயக்கத்தால் உயிருக்கே கேடு வருவதுண்டு. ஆகவேதான் இதனை வானொலியில் எடுத்துப் பேச வேண்டியிருக்கின்றது.

சித்த வைத்தியத்தில் நோயறியும் வழிகள் எட்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என அவற்றை எண்வகைத் தேர்வு என்பர். வாதம் மிக்கபோது விழி கருமை சார்ந்தும், பித்தம் மிக்கபோது மஞ்சளும் செம்மையும் சார்ந்தும், கபம் மிக்கபோது வெண்மை சார்ந்தும் தோன்றும் என்பது அந்நெறியின் கொள்கை. முக்குற்றக் கொள்கையை இன்றைய உடலியலோடு ஒப்பிட்டு வழக்காடுவது இப்பேச்சின் நோக்கமன்று. நான் எடுத்துக்காட்ட விரும்புவது வேறொன்று. எட்டில் ஒன்றாகவே விழி வைக்கப்பட்டிருக்கின்றது. கைதேர்ந்த பரியாரியார் ஒருவர் விழியைப் பார்த்த மாத்திரத்தில் நோயைத் தீர்த்துச் சொல்லிவிடுவதில்லை. நாடி பிடிப்பார், நாவை நீட்டச் சொல்வார், மலசலத்தின் நிறத்தைக் கேட்பார், நோயாளி பேசும்போது குரலைக் கவனிப்பார். ஒன்று சொன்னதை மற்றொன்று ஒப்புகின்றதா என்று பார்ப்பதே அத்தேர்வின் உட்பொருள்.

இந்நெறிக்கு யாழ்ப்பாணத்தில் நெடிய வரலாறு உண்டு. ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஏட்டுச் சுவடிகளில் கிடந்தன. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் அரிதின் முயன்று 1920களின் இறுதியிலும் 1930களிலும் அவற்றை அச்சேற்றினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984ஆம் ஆண்டிற் சித்த மருத்துவக் கற்கை தொடங்கிற்று. கைதடியிலுள்ள சித்த வைத்தியசாலையில் மாணவர் நோயாளரைப் பார்த்துப் பயில்கின்றனர்.

மேனாட்டு உடற்கூற்றியலும் இந்த மண்ணுக்குப் புதியதன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, பின்னர் தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். அவரும் அவருடைய மாணவரும் வெளியிட்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. உடலின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும் நூல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் நம் கையில் இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, வெள்விழி ஏன் மஞ்சளாகின்றது என்பதைப் பார்ப்போம்.

நம் குருதியிலுள்ள செங்குருதித் துணிக்கைகள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது அவற்றின் செந்நிறப் பொருளிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகின்றது. ஈரல் அதனைப் பற்றி, உருமாற்றி, பித்தநீரோடு குடலுக்குள் அனுப்புகின்றது. மலத்துக்கு நிறம் தருவது இதிலிருந்து பிறக்கும் பொருளே. துணிக்கைகள் அளவுக்கு மிஞ்சி அழிந்தாலும், ஈரல் நோயுற்றாலும், பித்தநீர் செல்லும் வழி கல்லினாலோ கட்டியினாலோ அடைபட்டாலும், பிலிருபின் குருதியிலே தேங்கும். நூறு மில்லிலீற்றர் குருதி நீரில் ஒரு மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது இரண்டு மூன்று மில்லிகிராம் ஆகும்போது, பழகிய கண்ணுக்கு வெள்விழியின் மஞ்சள் புலப்படத் தொடங்கும். தோலில் அது தெரிவதற்கு இன்னும் மிகுதியாகத் தேங்க வேண்டும். நம்மவரின் கரிய தோலில் அது எளிதிற் புலப்படாது. வெள்விழியோ வெள்ளைச் சீலை போன்றது. சிறு கறையையும் மறைக்காது. அங்குள்ள மீள்சத்தித் தசைநார்ப் பொருள் பிலிருபினை விரும்பிப் பற்றும் என்றும் விளக்குவர்.

மஞ்சளைப் பார்ப்பதற்கு வெயில் வெளிச்சம் வேண்டும். குப்பி விளக்கொளியிலும் மஞ்சள் ஒளி வீசும் மின்குமிழின் கீழும் மஞ்சள் மறைந்துவிடும். முந்நாளிலே பரியாரியார் நோயாளியைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ வரச்செய்து, காலை வெளிச்சத்தில் மேலிமையை உயர்த்திக் கீழே பார்க்கச் சொன்னார் என்றால், அது சடங்கன்று, நல்ல அறிவு. இன்றும் பெரியாஸ்பத்திரி விடுதியில் வைத்தியர் நோயாளியை யன்னற்பக்கம் திரும்பச் சொல்வது இதற்காகவே.

இங்கே ஒரு வேறுபாட்டையும் அறிந்துகொள்ளுதல் நன்று. பப்பாசிப்பழத்தையும் கரற்றையும் நாள்தோறும் மிகுதியாக உண்பவரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாவதுண்டு. அவருடைய வெள்விழி வெள்ளையாகவே இருக்கும். கை மஞ்சள், கண் வெள்ளை என்றால் அது செங்கண்மாரியன்று. அன்றியும், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஒரு பழமொழி வழங்குகின்றோம். பிறரைப் பழித்துரைக்க அது வாய்ப்பான மொழியே. ஆனால் காமாலை நோயாளிக்கு உலகம் மஞ்சளாகத் தோன்றுவதில்லை. அவரைக் காண்பவருக்கே மஞ்சள் தோன்றும்.

வெள்விழியிற் படிக்கத்தக்க வேறு சில செய்திகளும் உண்டு. விற்றமின் ஏ குறைந்த பிள்ளைகளின் வெள்விழியில், கருவிழியின் ஓரமாக, நுரை போன்ற வெண்புள்ளி தோன்றும். பிற்றோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1863இல் அதனை விளக்கினார். மாலைக்கண் அதற்குத் துணைக்குறி. பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோயுள்ளவருக்கு வெள்விழி நீலம் பாய்ந்திருக்கும். குருதிச் சோகையை அறிய வெள்விழியைப் பார்ப்பதுதான் பிழை. ‘கண் வெளுத்துப் போயிற்று, இரத்தமில்லை’ என்று வீட்டிலே பேசிக்கொள்கின்றோம். வெள்விழி இயல்பாகவே வெள்ளை. அது மேலும் வெளுப்பதற்கில்லை. சோகைக்குப் பார்க்க வேண்டிய இடம் கீழிமையின் உட்புறம். அங்கே செம்மை குன்றியிருக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். உள்ளங்கையையும் நாவையும் உடன் பார்த்தல் நன்று.

இவ்வளவும் கண்கூடாக நிறுவப்பட்டவை. எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவன. புதிய கலையோ இதனோடு நிற்கவில்லை.

அக்கலையின் தோற்றம் 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டிலே. இக்னாஸ் பெக்செலி என்னும் வைத்தியர் சிறுவனாயிருந்தபோது ஓர் ஆந்தையின் கால் முறிந்ததாகவும், உடனே அதன் கருவிழியில் ஒரு கோடு தோன்றியதாகவும் ஒரு கதை சொல்லப்படுகின்றது. அதிலிருந்து, உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் விழியில் ஓரிடம் உண்டு என்ற கொள்கை பிறந்தது. கருவிழியைச் சூழ்ந்த நிறவட்டத்தை மணிக்கூட்டு முகம்போற் பிரித்து, இவ்விடம் சிறுநீரகம், இவ்விடம் ஈரல், இவ்விடம் நுரையீரல் என்று படம் வரைந்தார்கள். அதே வழியில் வெள்விழிக்கும் படம் வரையப்பட்டது. வெள்விழியில் ஓடும் செங்கோடுகள் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு வளைகின்றன, எங்கே கிளைக்கின்றன, எங்கே புள்ளியில் முடிகின்றன என்று நோக்கி, இன்ன உறுப்பிலே தேக்கம், இன்ன உறுப்பிலே நஞ்சு என்று கூறுவது அதன் முறை. அமெரிக்காவில் இது பெருகியது. அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவிற்று.

கருவிழிப் படத்தை ஆராய்ந்தவர்கள் உளர். 1979இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சியில், சிறுநீரக நோயுள்ளோரும் இல்லாதோருமாக 143 பேரின் விழிப்படங்கள் இக்கலைஞர் மூவரிடம் கொடுக்கப்பட்டன. நோயுள்ளவரை அவர்களால் இல்லாதவரிடமிருந்து பிரித்தறிய இயலவில்லை. 1988இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த ஒல்லாந்து ஆராய்ச்சியில், பித்தப்பை நோயுள்ளோர் 39 பேரும் அஃதில்லாதார் 39 பேரும் எடுத்துக்கொள்ளப்பட்டனர். கலையில் வல்லவர் ஐவர் படங்களைப் பார்த்தனர். முடிவு, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதினும் மேலாக இல்லை. ஒருவர் கூறியது மற்றொருவர் கூறியதோடு ஒத்திருக்கவுமில்லை. வெள்விழிப் படம் இதே கொடியிற் காய்த்த மற்றொரு காய்.

ஆராய்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த செங்கண்மாரியையே சான்றாக அழைப்போம். உள்ளுறுப்பு ஒன்றின் நோயை வெள்விழி ஐயமறக் காட்டுவது ஈரல் நோயிலேதான். அப்போது மஞ்சள் எங்கே படிகின்றது? படத்திலே ஈரலுக்கென்று குறித்த மூலையிலா? இல்லை. இரண்டு கண்களிலும், வெள்விழி முழுவதும் பரவிப் படிகின்றது. குருதி எங்கும் ஓடுவது. அதில் தேங்கிய நிறமும் எங்கும் சேர்வது. ஈரலிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ வெள்விழியின் ஒரு மூலைக்கு மட்டும் வந்து செய்தி சொல்லும் நரம்போ நாளமோ இல்லை. வெள்விழியின் மேலோடும் நாளங்கள் கண்ணுக்கு வரும் பொது நாடியின் சிறு கிளைகளே.

அப்படியானால் அந்தச் செங்கோடுகள் எதனால் உண்டாகின்றன? நம் குடாநாட்டு வாழ்க்கையைப் பார்த்தாலே விடை கிடைக்கும். கடலில் வெயிலும் உப்புக்காற்றும் தாக்க வலை இழுப்பவர், செம்மண் புழுதியில் தோட்டம் கொத்துபவர், விறகடுப்புப் புகையிற் சமைப்பவர், இரவெல்லாம் கண்விழித்தவர், கள்ளுக் குடித்தவர் — இவர்கள் எல்லாருடைய வெள்விழியிலும் செங்கோடு எழும். வெயிலிலும் புழுதியிலும் நெடுங்காலம் உழைப்பவருக்கு மூக்குப்பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதுண்டு. கரிய தோலுடைய மக்களின் வெள்விழியில் கபில நிறப் புள்ளிகளும் திட்டுக்களும் இயல்பாகவே காணப்படும். மூப்பில் வெள்விழி சற்றே பழுப்பேறும். வெளிறிய தோலுடையோரின் கண்ணை அளவாக வைத்து வரைந்த படத்தைக் கொண்டு நம்மவர் கண்ணைப் பார்த்தால், பிறப்பிலேயே எல்லாரும் நஞ்சுண்டவராகத்தான் தோன்றுவர். ஒரு திட்டு புதிதாகத் தோன்றினாலோ, பெருத்தாலோ, அதனைக் கண் வைத்தியரிடம் காட்டுதல் வேறு விடயம், அது வேண்டியதே.

‘காசு சிறிது போகும், வேறென்ன குறை?’ என்று கேட்கலாம். இல்லாத நோயை உண்டு என்று கேட்டு அஞ்சுபவரின் துன்பத்தை விட்டுவிடுவோம். உள்ள நோயை இல்லை என்று கேட்டு ஆறுதலடைபவரின் நிலை என்ன? நம்மிடையே நீரிழிவும் குருதி அமுக்கமும் பெருகியிருக்கின்றன. இவை இரண்டுக்கும் வெள்விழியில் தனிக்குறி கிடையாது. கண் பளிங்குபோல் வெளுத்திருக்க, உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும். கண்ணிலே இந்நோய்களின் சுவட்டைப் பார்க்கலாம், ஆனால் வெளிப்புறத்திலன்று. யேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1851இல் அமைத்த கருவியின் வழிவந்த கருவிகளால், மருந்திட்டுக் கண்மணியை விரித்து, கண்ணின் பின்சுவரிலுள்ள நாளங்களை நேரே காண்கின்றனர். நீரிழிவுள்ளவர் ஆண்டுக்கொரு முறை அப்பரிசோதனையைச் செய்வித்துக்கொள்ளல் வேண்டும்.

பரியாரிமாரின் விழி நோக்கையும் நான் குறையின்றிப் புகழவில்லை. மஞ்சள் உண்டு என்று சொல்வதோடு விழி நிறுத்திக்கொள்கின்றது. ஏன் என்று அது சொல்லாது. நீரினாலும் உணவினாலும் பரவும் ஈரலழற்சி ‘ஏ’ வகை பெரும்பாலாருக்குச் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும். அச்சமயத்திற் கொடுத்த மருந்து எதுவாயினும் அதுவே தீர்த்தது என்று பெயர் பெறும். கீழ்க்காய்நெல்லியின் புகழ் இவ்வாறு வளர்ந்ததோ என்று ஐயுறுவோர் உளர். சென்னையில் தியாகராஜன் அவர்களும், ஈரலழற்சி ‘பி’ வைரசைக் கண்டுபிடித்த புளும்பேர்க் அவர்களும் கூடிச் செய்த ஆராய்ச்சி 1988இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வந்தபோது, அம்மூலிகை அவ்வைரசை நீக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. பின்னர்ப் பிறர் செய்த சோதனைகளில் அம்முடிவு நிலைபெறவில்லை. மூலிகையை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. கல்லடைப்பினாலோ கட்டியினாலோ வந்த மஞ்சளுக்கு அதை அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தலாகாது என்பதற்காகவே கூறுகின்றேன். மலம் வெளுத்து, சிறுநீர் கடுந்தேநீர்போற் கறுத்து, உடல் அரிக்குமாயின், பித்தநீர் வழி அடைபட்டிருக்கக்கூடும். எண்வகைத் தேர்வில் மலமும் மூத்திரமும் ஏன் விழிக்கு அயலே வைக்கப்பட்டன என்பது இப்போது விளங்கும்.

நாளைக் கடத்தக்கூடாத மற்றொரு நோய் நம் வயல்களில் உண்டு. காலபோக மழை பெய்து வெள்ளம் நிற்கும் மாதங்களில், எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவருக்கு, காலிலுள்ள சிறு புண்வழியாக ஒரு நுண்கிருமி உட்புகும். எலிக்காய்ச்சல் என்பது அதுதான். யேர்மனிய வைத்தியர் வைல் 1886இல் இதன் கடுமையான வடிவத்தை விவரித்தார். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல் அடிக்கும். கெண்டைக்காற் சதை தொடமுடியாதபடி நோகும். பீளை கட்டாமலே வெள்விழி சிவக்கும். நோய் முற்றினால் அந்தச் செம்மையின் மேல் மஞ்சளும் ஏறும், சிறுநீர் குறையும், நுரையீரலிற் குருதி கசியவும் கூடும். செங்கண்மாரி என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துவது இந்நோய்க்குத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெருமழைக்குப் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டது. முதலில் இன்ன காய்ச்சல் என்று அறியாது மக்கள் கலங்கினர். குருதி மாதிரிகளைச் சோதித்த பின்னரே எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. இந்நோய்க்கு மருந்து உண்டு. முதற் சில நாட்களிற் கொடுத்தால் அம்மருந்து நன்கு வேலைசெய்யும். ஆகவே, வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கண் சிவந்தால், அதைக் கண்ணோய் என்று நினைத்து நந்தியாவட்டைப் பூவைத் தேடிப் போகாதீர்கள். மஞ்சள் ஏறினால், செங்கண்மாரி என்று பத்தியம் தொடங்கி வீட்டிலிருக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமற் கூறுங்கள். அவர் கேளாவிட்டாலும் கூறுங்கள். வயல் வேலை தொடங்குமுன் சுகாதாரப் பகுதியினர் தரும் தடுப்பு மருந்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறுதியாகப் பிறந்த குழந்தையின் கண். நிறைமாதத்திற் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதற்கிழமையில் சிறிது மஞ்சள் தோன்றி மறையும். இளவெயிலிற் காட்டினால் போதும் என்று பாட்டிமார் சொல்வர். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கினாலும், குழந்தை பால் குடியாமல் உறங்கிக் கிடந்தாலும், வெயில் போதாது. பிலிருபின் மூளையிற் படிந்து செவியையும் தசையின் இயக்கத்தையும் நிலையாகக் கெடுத்துவிடக்கூடும். வைத்தியசாலையில் நீலவொளியின் கீழ்க் கிடத்தி அதனைத் தணிக்கின்றனர். குழந்தையின் கண்ணைப் பார்ப்பது எளிதன்று. இமையை இழுத்தால் அது இன்னும் இறுக மூடும். கடும் வெளிச்சத்தை விலக்கி, நிமிர்த்திப் பிடித்தால், அதுவே விழிக்கும். பதினான்கு நாள் கடந்தும் வெள்விழியில் மஞ்சள் நின்றால், மலத்தின் நிறத்தைப் பாருங்கள். அது சுண்ணாம்புபோல் வெளுத்திருக்குமாயின், பித்தநீர்க் குழாய் அடைபட்ட குழந்தையாக இருக்கலாம். ஜப்பானிய வைத்தியர் கசாய் வகுத்த அறுவைச் சிகிச்சை அதற்கு உண்டு. பிறந்து அறுபது நாளுக்குள் அதைச் செய்தால் பயன் மிகுதி. நாள் செல்லச் செல்ல அப்பயன் குறையும்.